தூணின் மெலிவுக்கு எங்கே கோடு போடுவது? 180, 200, வரம்பின்மை: ஓர் ஒப்பீடு

ஆறு மீட்டர் உயரமும், இரு முனைகளிலும் கீல் போன்ற இணைப்பும் கொண்ட ஓர் எஃகுத் தூண் 400 கிலோ நியூட்டன் கணக்குச் சுமையைத் தாங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ஐ.பி.இ. 300 என்ற ஐ-வடிவச் சட்டத்தைத் தேர்ந்தால், வலுக்குறைந்த அச்சில் (எளிதில் வளையும் திசையில்) அதன் சுழற்சி ஆரம், அதாவது பொருள் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளிப் பரவியிருக்கிறது என்பதைக் காட்டும் நீளம், 33.5 மி.மீ.; 6000-ஐ அந்த எண்ணால் வகுத்தால் தூண் எவ்வளவு ஒல்லி என்பதைச் சொல்லும் மெலிவு விகிதம் 179 என்று வருகிறது. 180-ஐ வரம்பாகக் கொண்ட விதிநூலில் இந்தத் தூண் மயிரிழையில் தேறுகிறது; 200-ஐ வரம்பாகக் கொண்ட விதிநூலில் தாராளமாகத் தேறுகிறது. ஆனால் ஐரோப்பிய எஃகுக் கட்டுமான விதிநூலான யூரோகோடு 3-இன் நெளிவு வளைகோட்டை (மெலிவு கூடும்போது தாங்குதிறன் எப்படிக் குறைகிறது என்று காட்டும் கோட்டை) கொண்டு, 235 மெகாபாஸ்கல் ஈல்டு வலிமையுள்ள (அந்தத் தகைவில் நிலையாக உருமாறத் தொடங்கும்) எஃகுக்கு அதன் தாங்குதிறனைக் கணக்கிட்டால், 288 கிலோ நியூட்டன்தான் கிடைக்கிறது. வரம்புச் சோதனையில் தேறிய தூண், தாங்க வேண்டிய சுமையில் முக்கால் பங்கைக்கூடத் தாங்காது.

இதில் முரண்பாடு எதுவும் இல்லை. இரண்டு சோதனைகளும் இரு வேறு கேள்விகளைக் கேட்கின்றன. இருந்தும், மெலிவு வரம்பு பற்றிய விவாதம் பெரும்பாலும் எந்த எண் சரியானது என்ற இடத்திலேயே நின்றுவிடுகிறது. உண்மையில் வடிவமைப்பாளர் எடுக்க வேண்டிய முடிவுகள் இரண்டு. எந்த வரம்பை, எவ்வளவு கண்டிப்போடு ஏற்பது என்பது முதலாவது. ஓர் உறுப்பு அந்த வரம்பைத் தாண்டும்போதோ அதை நெருங்கும்போதோ எதை மாற்றுவது என்பது இரண்டாவது. எஃகின் எடையையும் செலவையும் தீர்மானிப்பது இரண்டாவது முடிவுதான் என்பதால், இக்கட்டுரையில் அதற்கே அதிக இடம் தந்திருக்கிறேன்.

வரம்பு எதைக் காக்கிறது

மெலிவு விகிதம் என்பது தூணின் செயல்படு நீளத்தை (முனைகள் பிடிக்கப்பட்ட விதத்துக்கேற்பத் திருத்திய நீளத்தை) அதே அச்சுக்குரிய சுழற்சி ஆரத்தால் வகுத்து வரும் எண். இரண்டு அச்சுகளுக்கும் கணக்கிட்டுப் பெரியதை எடுத்துக்கொள்ள வேண்டும். நீண்ட தூண் நசுங்கி உடையாமல் பக்கவாட்டில் நெளிந்து வீழ்கிறது என்பதற்கான கணிதத்தை ஆய்லர் 1744-இல் வெளியிட்டார். அந்தச் சமன்பாட்டின்படி நெளிவுத் தகைவு (நெளியும் தருணத்தில் ஓரலகுப் பரப்பில் உள்ள விசை) மெலிவு விகிதத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. எஃகின் விறைப்பைக் குறிக்கும் மீட்சிக் குணகத்தை 2,00,000 மெகாபாஸ்கல் என்று கொண்டால், விகிதம் 100 ஆக இருக்கும்போது நெளிவுத் தகைவு ஏறத்தாழ 197 மெகாபாஸ்கல், 180-இல் 61, 200-இல் 49, 250-இல் 32. இந்த எண்களை வரைபடத்தில் இட்டால் வழவழப்பாக இறங்கும் ஒரு கோடு கிடைக்கும். 180-இலோ 200-இலோ அதில் எந்தப் படியும் இல்லை, எந்த முறிவும் இல்லை. 179-இல் பத்திரமாக நின்ற தூண் 181-இல் திடீரென்று ஆபத்தாகிவிடுவதில்லை.

ஆகவே வலிமைக்காக மட்டும் ஒரு வரம்பு தேவையே இல்லை. விகிதம் எதுவாக இருந்தாலும் வளைகோடு ஒரு தாங்குதிறனைத் தருகிறது. இழுவிசையை மட்டும் தாங்கும் உறுப்புகளுக்கும் விதிநூல்கள் மெலிவு வரம்பு சொல்வதே இதற்குச் சரியான சான்று. இந்தியத் தரநூலான ஐ.எஸ். 800 (2007 பதிப்பு) எப்போதும் இழுவிசையில் இருக்கும் உறுப்புகளுக்கு 400 என்கிறது, அமெரிக்க எஃகு விதிநூலான ஏ.ஐ.எஸ்.சி. 360 அவற்றுக்குக் கட்டாய வரம்பு இல்லை என்று சொல்லிவிட்டு 300-ஐப் பரிந்துரைக்கிறது, தொங்குகம்பிகளுக்கு அந்தப் பரிந்துரையும் பொருந்தாது என்கிறது. இழுபடும் கம்பி நெளிய வழியே இல்லை. அதற்கும் வரம்பு வைக்கிறார்கள் என்றால், அந்த எண் காக்க முனைவது வேறொன்றை: தன் எடையால் ஏற்படும் தொய்வை, காற்றில் எழும் அதிர்வை, ஏற்றி இறக்கும்போதும் நிறுத்தும்போதும் நேரக்கூடிய வளைவை.

தொய்வை எடுத்துக்கொண்டு சற்று விரிவாகப் பார்ப்பது பயன் தரும். கிடையாகக் கிடக்கும், முனைகளில் மட்டும் தாங்கப்பட்ட எஃகு உறுப்பு தன் எடையால் நடுவில் எவ்வளவு தொய்கிறது என்ற வழக்கமான சூத்திரத்தில், எடையையும் வளைவை எதிர்க்கும் நிலைமத் திருப்புத்திறனையும் பரப்பு, சுழற்சி ஆரம் ஆகியவற்றின் வழியாக எழுதினால் பரப்பு இருபுறமும் அடிபட்டுப் போகிறது. எஞ்சுவது இதுதான்: தொய்வுக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதம், மெலிவு விகிதத்தின் வர்க்கத்தையும் நீளத்தையும் மட்டுமே பொறுத்தது. ஆறு மீட்டர் உறுப்பு ஒன்றுக்கு மெலிவு 180 என்றால் தொய்வு நீளத்தில் சுமார் 1080-இல் ஒரு பங்கு. 200 என்றால் 870-இல் ஒரு பங்கு. 250 என்றால் 560-இல் ஒரு பங்கு. 350 என்றால் 285-இல் ஒரு பங்கு. ஐரோப்பிய நெளிவு வளைகோடுகள் தூணின் தொடக்கக் கோணலை நீளத்தில் 1000-இல் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டு உருவானவை. ஆகவே ஆறு மீட்டர் அளவில் 180-ஐத் தாண்டும்போது, வளைகோடு ஏற்கெனவே கணக்கில் கொண்ட கோணலைவிடத் தன் எடையின் தொய்வு பெரிதாகிவிடுகிறது. பழைய பிரித்தானியத் தரநூலான பி.எஸ். 5950 (1985 பதிப்பு) இதையே விதியாக வைத்திருந்தது: மெலிவு 180-க்கு மேல் போனால் தன் எடையின் தொய்வைப் பார், அது நீளத்தில் 1000-இல் ஒரு பங்கைத் தாண்டினால் வளைவுத் தகைவையும் வடிவமைப்பில் சேர். எண்ணை மட்டும் சொல்லாமல் அந்த எண்ணின் காரணத்தையும் சொன்ன விதி என்பதால் எனக்கு அது பிடித்தமானது.

இதே கணக்கு நிலையான வரம்பின் குறையையும் காட்டிவிடுகிறது. பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள கிடை உறுப்பில் அதே 180-க்குத் தொய்வு 540-இல் ஒரு பங்காகிறது. மூன்று மீட்டர் உறுப்பில் 2150-இல் ஒரு பங்குதான். அதாவது 180 என்ற ஒற்றை எண், நீண்ட உறுப்புக்குப் போதாத காவலாகவும் குட்டையான உறுப்புக்கு வேண்டாத கெடுபிடியாகவும் இருக்கிறது. அதிர்விலும் இதே கதைதான். இரு முனைகளும் கீலான எஃகு உறுப்பின் இயல்பதிர்வெண், ஏறத்தாழ 8100-ஐ மெலிவு விகிதம், மீட்டரில் நீளம் ஆகியவற்றின் பெருக்கலால் வகுத்து வருவது. ஆறு மீட்டர், மெலிவு 180 என்றால் வினாடிக்கு ஏழரை அதிர்வு. பத்து மீட்டர், மெலிவு 300 என்றால் மூன்றுக்கும் கீழே. செங்குத்தாக நிற்கும் தூணுக்குத் தன் எடையின் தொய்வு பொருந்தாது என்பது சரிதான். ஆனால் லாரியில் கிடக்கும்போதும் கிரேனில் தொங்கும்போதும் அந்தத் தூணும் கிடை உறுப்புதான்.

வளைகோட்டுக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு: நம் அனுமானத்தின் பிழை. மெலிந்த தூணில் செயல்படு நீளத்தைப் பத்து விழுக்காடு குறைத்து மதிப்பிட்டுவிட்டால், உண்மையான தாங்குதிறன் கணக்கில் வந்ததைவிடச் சுமார் 17 விழுக்காடு குறைவாக இருக்கும். குட்டையான, பருத்த தூணில் அதே பிழை ஏறத்தாழ எதையும் மாற்றாது. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் 1978 ஜனவரி 18 அதிகாலை பனிச்சுமையில் விழுந்த விளையாட்டரங்கக் கூரை இதற்கு மிகக் கசப்பான எடுத்துக்காட்டு. மேல்நாண் (கூரைச் சட்டகத்தின் மேல்விளிம்பு) அழுத்த உறுப்புகள் நடுவிலும் தாங்கப்பட்டவை என்று வடிவமைப்பு கொண்டிருந்தது. விளிம்பு உறுப்புகளில் அந்த நடுத்தாங்கல் உண்மையில் செயல்படவில்லை. தாங்கலற்ற நீளம் இருமடங்கானால் ஆய்லர் சுமை நான்கில் ஒன்றாகும். சில மணி நேரம் முன்புவரை ஆயிரக்கணக்கானோர் அந்தக் கூரையின்கீழ் அமர்ந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீளத்தைத் தவறாக எடுத்த இடத்தில் 180 என்றோ 200 என்றோ எந்த வரம்பு வைத்திருந்தாலும் உதவியிருக்காது, ஏனென்றால் அந்த வரம்புச் சோதனையும் அதே தவறான நீளத்தைக் கொண்டுதான் நடந்திருக்கும்.

மூன்று நிலைப்பாடுகள்

விதிநூல்களை வைத்துப் பார்த்தால் மூன்று வகையான நிலைப்பாடுகள் தெரிகின்றன. முதலாவது கண்டிப்பான வரம்பு. ஐ.எஸ். 800, நிலையான சுமையாலும் பயன்பாட்டுச் சுமையாலும் அழுத்தப்படும் உறுப்புக்கு 180 என்றும், காற்று அல்லது நிலநடுக்கம் சேரும்போது மட்டும் அழுத்தப்படும் உறுப்புக்கு, அதன் உருமாற்றம் மற்ற பகுதிகளைப் பாதிக்காதவரை, 250 என்றும், வழக்கமாக இழுவிசையில் இருந்து காற்றாலோ நிலநடுக்கத்தாலோ திசை மாறக்கூடிய டிரஸ் (முக்கோணப் பின்னல் சட்டகம்), பிரேசிங் (குறுக்குத் தாங்கல்) உறுப்புகளுக்கு 350 என்றும் வகுக்கிறது. கனடாவின் சி.எஸ்.ஏ. எஸ்16 அழுத்த உறுப்புக்கு 200-ஐக் கட்டாயமாக்குகிறது. ஜப்பானின் கட்டடச் சட்ட அமலாக்க ஆணை தூண்களுக்கு 200, மற்ற அழுத்த உறுப்புகளுக்கு 250 என்கிறது. சீனாவின் ஜி.பி. 50017 தூண்களுக்கு 150 என்று இன்னும் இறுக்குகிறது. ஒரே பொருள், ஒரே இயற்பியல். ஆனால் எண்கள் 150-இலிருந்து 200 வரை சிதறிக் கிடக்கின்றன. 180-க்கும் 200-க்கும் இடையே நெளிவுத் தகைவு 23 விழுக்காடு வேறுபடுகிறது. இந்த எண்கள் அனுபவத் தீர்ப்புகள் என்பதற்கு இதைவிட வேறு ஆதாரம் தேவையில்லை.

இரண்டாவது நிலைப்பாடு பரிந்துரை. ஏ.ஐ.எஸ்.சி.யில் 200 என்பது முன்பு கட்டாயமாக இருந்து, பிறகு ‘கூடியவரை’ என்ற சொல்லோடு தளர்ந்து, 2005 பதிப்பு முதல் விதியின் உடலுக்கு வெளியே பயனர் குறிப்பாக நிற்கிறது. 200-இல் அந்த விதிநூல் தரும் தகைவு ஏறத்தாழ 43 மெகாபாஸ்கல். அதற்குக் கீழே போனால் எஃகைப் பயன்படுத்துவதில் சிக்கனம் இல்லை, கையாளும்போது சேதமாகாமல் காப்பதும் கடினம் என்பதே அந்தக் குறிப்பின் பின்னுள்ள நியாயம். பகுப்பாய்வு முறை மாறியதும் இந்தத் தளர்வோடு சேர்த்துப் பார்க்கத்தக்கது. கட்டமைப்பின் கோணலையும் விறைப்புக் குறைவையும் பகுப்பாய்விலேயே சேர்த்துவிடும் நேரடி முறையில் செயல்படு நீளக் காரணி 1 என்றே கொள்ளப்படுகிறது. முன்பு காரணி 2 கொண்டு 300 என்று வந்த, அடியில் மட்டும் இறுகப் பிணைத்த நெம்புத் தூண், இப்போது 150 என்று வருகிறது. தூண் மாறவில்லை, எண் மட்டும் பாதியாகிவிட்டது. அப்படிப்பட்ட எண்ணின் மேல் கட்டாய வரம்பு வைப்பதற்கு என்ன பொருள் என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது.

மூன்றாவது நிலைப்பாடு யூரோகோடு 3 உடையது. அதன் பொது விதிகள் அழுத்த உறுப்பின் மெலிவுக்கு மேல்வரம்பு எதையும் வைப்பதில்லை. அது பயன்படுத்துவதும் பரிமாணமற்ற மெலிவு: சாதாரண விகிதத்தை எஃகின் வலிமையைப் பொறுத்த ஓர் எண்ணால் வகுத்து வருவது. 235 மெகாபாஸ்கல் எஃகுக்கு அந்த எண் 93.9, 355 மெகாபாஸ்கல் எஃகுக்கு 76.4. ஆகவே 180 என்ற ஒரே விகிதம் முதல் எஃகில் 1.92 ஆகவும் இரண்டாவதில் 2.36 ஆகவும் தெரிகிறது. உறுப்பு தன் வலிமையில் எத்தனை பங்கை நெளிவுக்கு இழக்கிறது என்பதை இந்த எண் நேராகச் சொல்லிவிடுகிறது. 180 என்ற எண் அதைச் சொல்வதில்லை. ஆனால் தொய்வு, அதிர்வு, கையாளுதல் ஆகியவற்றை வடிவமைப்பாளரே நினைவில் வைத்துத் தனியாகச் சோதிக்க வேண்டும். நினைவு பிசகினால் தட்டிக் கேட்க அங்கே வரம்பு ஏதும் இல்லை.

இவற்றுள் எது மேல்? சட்டப்படி ஒரு விதிநூல் பொருந்தும் இடத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை; 180 கட்டாயம் என்றால் 180-தான். தேர்வு கையில் இருக்கும் இடத்தில், முதன்மைத் தூண்களுக்கு இந்த மூன்றில் எதை ஏற்றாலும் நடைமுறையில் வேறுபாடு இல்லை என்று சொல்வேன், ஏனென்றால் ஒழுங்காகச் சுமையேந்தும் தூண் அந்த எல்லைகளின் பக்கமே போவதில்லை. பல மாடிக் கட்டடத் தூண்கள் பெரும்பாலும் 40-க்கும் 80-க்கும் இடையில் நிற்கின்றன; 120-ஐத் தாண்டினாலே எஃகு வீணாகிறது என்று பொருள். வேறுபாடு தெரிவது பிரேசிங், கூரை டிரஸின் இரண்டாம்நிலை உறுப்புகள், கோபுரங்களின் துணை உறுப்புகள் போன்ற குறைந்த சுமையுள்ள இடங்களில்தான். அங்கே சுமை மிகக் குறைவு என்பதால் வலிமைக் கணக்கு மிக மெல்லிய உறுப்பையும் ஏற்றுக்கொண்டுவிடும். அந்த இடத்தில் ஒரு கண்டிப்பான எண் தருகிற பாதுகாப்பு மதிப்புள்ளது. வரம்பில்லாத விதிநூலில் பணியாற்றுபவர்கூடத் தமக்கென்று ஒரு எண்ணை வைத்துக்கொள்வது நல்லது. நான் வைத்துக்கொள்வது நிலையான எண் அல்ல. தொய்வு 1000-இல் ஒரு பங்குக்குள் இருக்கும் எண். ஆறு மீட்டருக்கு அது சுமார் 185. மூன்று மீட்டருக்கு 260. பன்னிரண்டு மீட்டருக்கு 130.

தாண்டினால் எதை மாற்றுவது

தொடக்கத்தில் சொன்ன தூணுக்குத் திரும்புவோம். 400 கிலோ நியூட்டன் தேவை, ஐ.பி.இ. 300 தருவது 288. அலுவலகத்தில் பெரும்பாலும் முதலில் செய்வது பட்டியலில் அடுத்த கனமான சட்டத்துக்குத் தாவுவது. ஐ.பி.இ. 330 எடுத்தால் 371 கிலோ நியூட்டன், போதாது. ஐ.பி.இ. 360-க்குப் போனால் 482 கிடைக்கிறது. ஆனால் மீட்டருக்கு 57.1 கி.கி., மொத்தம் 343 கி.கி. எஃகு. இந்தச் சட்டத்தின் வலுக்குறைந்த அச்சுச் சுழற்சி ஆரம் 37.9 மி.மீ. தான், எடை 35 விழுக்காடு கூடியும் ஆரம் 13 விழுக்காடுதான் கூடியிருக்கிறது. உத்தரத்துக்கென்று உயரமாக வடிவமைக்கப்பட்ட சட்டம் இது. பெரிதாகும்போது அது உயரத்தில் வளர்கிறதே தவிர அகலத்தில் அவ்வளவாக வளர்வதில்லை.

இரண்டாவது வழி வடிவத்தை மாற்றுவது. எச்.இ.ஏ. 200 என்ற அகல விளிம்புச் சட்டத்தின் பரப்பும் ஐ.பி.இ. 300-இன் பரப்பும் ஏறத்தாழ ஒன்றே. இரண்டும் மீட்டருக்கு 42 கி.கி. சொச்சம். ஆனால் முன்னதன் சிறும சுழற்சி ஆரம் 49.8 மி.மீ., மெலிவு 120, தாங்குதிறன் 501 கிலோ நியூட்டன். நெளிவு வளைகோட்டில் அதற்கு ஒரு படி மோசமான வளைகோடே பொருந்துகிறது. அந்த இழப்பையும் மீறி அதே எஃகிலிருந்து 74 விழுக்காடு கூடுதல் வலிமை. அதைவிடவும் சிக்கனமானது வட்டக் குழாய். வெளிவிட்டம் 168.3 மி.மீ., சுவர்த் தடிப்பு 6.3 மி.மீ. கொண்ட, சூடாக உருவாக்கிய குழாயின் சுழற்சி ஆரம் எல்லாத் திசையிலும் 57.3 மி.மீ.; மெலிவு 105; சிறந்த வளைகோடுகளில் ஒன்று அதற்குக் கிடைக்கிறது; தாங்குதிறன் 441 கிலோ நியூட்டன், எடை மீட்டருக்கு 25.2 கி.கி. ஆறு மீட்டருக்கு 151 கி.கி. என்றால், ஐ.பி.இ. 360-இன் எடையில் பாதியும் இல்லை. குழாயின் குறை அதன் இணைப்புகளில் இருக்கிறது: உத்தரத்தை போல்ட் போட்டு இணைப்பது ஐ-வடிவத்தில் எளிது, குழாயில் தகடுகளும் வெல்டிங்கும் கூடும், உட்புறத் துருவைக் கண்ணால் பார்க்க முடியாது என்பதால் முனைகளை மூடி அடைக்க வேண்டும். இணைப்புகள் குறைவான, தனித்து நிற்கும் தூணுக்குக் குழாய். நான்கு புறமும் உத்தரங்கள் வந்து சேரும் தூணுக்கு அகல விளிம்புச் சட்டம் என்று பிரித்துக்கொள்வது பெரும்பாலும் சரியாக வரும்.

மூன்றாவது வழி நீளத்தை வெட்டுவது. ஐ.பி.இ. 300-க்கு வலுக்குறைந்த திசையில் நடு உயரத்தில் ஒரு தாங்கல் கொடுத்தால் அந்த அச்சின் நீளம் மூன்று மீட்டராகிறது, மெலிவு 90, தாங்குதிறன் 288-இலிருந்து 792 கிலோ நியூட்டனாக ஏறுகிறது. தூணில் ஒரு கிராம் எஃகு கூடவில்லை. இப்போது இது தேவைக்கு அளவுக்கு மிஞ்சியது என்பதால் ஐ.பி.இ. 240-க்கு இறங்கலாம்: 446 கிலோ நியூட்டன், மீட்டருக்கு 30.7 கி.கி., ஆறு மீட்டருக்கு 184 கி.கி. நடுத்தாங்கல் இல்லாமல் இதே சட்டத்தின் மெலிவு 223. 180-லும் தேறாது, 200-லும் தேறாது. ஐ-வடிவச் சட்டத்தின் இரு அச்சுகளுக்கும் உள்ள பெரிய வேறுபாடு, முதல் வழியில் குறையாக இருந்தது, இங்கே வசதியாகிவிடுகிறது: வலுவான அச்சு ஆறு மீட்டரைத் தானே பார்த்துக்கொள்கிறது, வலுக்குறைந்த அச்சுக்கு மட்டும் கைகொடுத்தால் போதும்.

இந்த வழியின் விலை வேறிடத்தில் இருக்கிறது. நடுத்தாங்கலுக்கு விதிநூலைப் பொறுத்துத் தூணின் விசையில் 1 முதல் 2.5 விழுக்காடு வரை விசை வரும் என்று கொண்டு அதை வடிவமைக்க வேண்டும். வலிமை மட்டும் போதாது, விறைப்பும் வேண்டும். தொளதொளப்பான தாங்கல் தூணோடு சேர்ந்து தானும் நகரும். அதைவிட முக்கியமானது, அந்தத் தாங்கல் எங்கே போய் முடிகிறது என்பது. வரிசையாக நிற்கும் பத்துத் தூண்களை ஒரு நீண்ட கம்பியால் கோத்துவிட்டு அந்தக் கம்பியை எதிலும் நங்கூரமிடாமல் விட்டால், பத்தும் ஒன்றாக, ஒரே திசையில் நெளியத் தடையேதும் இல்லை. வரைபடத்தில் தாங்கல் போலத் தெரிவதும் தாங்குவதும் ஒன்றல்ல. ஹார்ட்ஃபோர்டில் நடந்ததும் ஏறத்தாழ இதுவே.

மூலைகளில் நான்கு ஆங்கிள்களை (எல்-வடிவச் சட்டங்களை) நிறுத்தி இடையே சாய்கம்பிகளால் பின்னிய கூட்டுத் தூண் நான்காவது வழி. பொருளைக் குறுக்குவெட்டின் மையத்திலிருந்து தள்ளி வைப்பதால் சுழற்சி ஆரம் தாராளமாகக் கிடைக்கும்; மிக உயரமான, சுமை குறைந்த தூண்களுக்கு எடையில் இதை வெல்வது கடினம். ஆனால் வேலைப்பாடு அதிகம், சாயம் பூசவும் பராமரிக்கவும் இடுக்குகள் அதிகம். மேலும் பின்னல்கம்பி வளைந்துகொடுப்பதால் முழுத் தூணின் மெலிவு கூடுகிறது, ஐ.எஸ். 800 அதற்கென்று விகிதத்தை 5 விழுக்காடு உயர்த்தச் சொல்கிறது, பின்னல்கம்பியின் சொந்த மெலிவை 145-க்குள் கட்டுகிறது. 1907 ஆகஸ்ட் 29 அன்று கட்டுமானத்தின்போதே விழுந்து 75 பேரைப் பலிகொண்ட கியூபெக் பாலத்தில், கீழ்நாண் அழுத்த உறுப்பைப் பிணைத்த பின்னல் வலுவற்றதாக இருந்தது. பருத்த உறுப்பு அது. முழு உறுப்புக்கான மெலிவு விகிதத்தை மட்டும் பார்த்திருந்தால் எந்த எச்சரிக்கையும் தெரிந்திருக்காது.

உயர்வலிமை எஃகுக்கு மாறுவதையும் சிலர் ஒரு வழியாகக் கருதுகிறார்கள். அதே எச்.இ.ஏ. 200-ஐ 235-க்குப் பதில் 355 மெகாபாஸ்கல் எஃகில் எடுத்தால் ஈல்டு வலிமை 51 விழுக்காடு கூடுகிறது. ஆறு மீட்டர் தூணின் தாங்குதிறனோ 501-இலிருந்து 556-க்கு, வெறும் 11 விழுக்காடுதான் ஏறுகிறது. ஆய்லரின் சமன்பாட்டில் வலிமைக்கு இடமே இல்லை, மீட்சிக் குணகத்துக்குத்தான் இடம். எல்லாக் கட்டுமான எஃகுக்கும் அது ஒன்றே. மெலிவு 60-இல் நிற்கும் தூணுக்கு இந்த மாற்றம் நல்ல பலன் தரும். 120-இல் நிற்பதற்குத் தராது.

பிரேசிங்: எண்ணின் பொருள் மாறும் இடம்

குறுக்காகச் செல்லும் பிரேசிங் உறுப்புகளில் முடிவு வேறு வகையானது. எக்ஸ் வடிவத்தில் இரண்டு சாய்வுறுப்புகள் இருந்தால், அழுத்தப்படுவதைக் கணக்கில் சேர்க்காமல் இழுபடுவதை மட்டும் நம்பி வடிவமைக்கலாம். அப்போது மெலிவு 300-ஐத் தாண்டினாலும் வலிமைக் கணக்கு கெடாது. எஃகு குறையும், ஆனால் காற்று திசை மாறும்போதெல்லாம் ஒரு கை தளர்ந்து ஓசை எழுப்பும், இணைப்புகள் தேயும். அதிர்வுள்ள இயந்திரங்களோ கிரேனோ இயங்கும் கட்டடத்தில் இதை நான் தேர்வதில்லை. அழுத்தத்தையும் தாங்கும் வகையில் வடிவமைப்பது கனமானது என்றாலும், இரண்டு சாய்வுறுப்புகளையும் சந்திக்கும் இடத்தில் போல்ட்டால் இணைத்தால், இழுபடும் கை அழுத்தப்படும் கையைப் பிடித்துக்கொள்வதால் நெளியும் நீளத்தைப் பாதியாகக் கொள்ளலாம்.

ஒற்றை ஆங்கிளில் ஓர் எளிய பிழை அடிக்கடி நேர்கிறது. சம பக்க ஆங்கிளின் சிறும சுழற்சி ஆரம் பக்கங்களுக்கு இணையான அச்சில் இல்லை, சாய்ந்த அச்சில் இருக்கிறது. பக்க நீளத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். பக்கங்களுக்கு இணையான அச்சில் அது 0.3 பங்கு. மூன்று மீட்டர் பிரேசிங்கை 180-க்குள் கொண்டுவர 16.7 மி.மீ. ஆரம் வேண்டும்; தவறான அச்சைக் கொண்டு பார்த்தால் 56 மி.மீ. பக்கமே போதும் என்று தோன்றும், சரியான அச்சில் 85 மி.மீ. தேவைப்படும். முன்னதை வைத்தவர் தம் அறியாமலே 270-ஐத் தொட்டுவிட்டிருப்பார்.

நிலநடுக்கப் பகுதியில் வரம்பு இன்னொரு வேடம் பூணுகிறது. அங்கே பிரேசிங் நெளிவது குற்றமல்ல. நெளிந்து, நீண்டு, மறுபடி நெளிந்து ஆற்றலை உறிஞ்ச வேண்டும். மெலிந்த கை குறைவான ஆற்றலை உறிஞ்சுகிறது. பருத்த கை அதிகம் உறிஞ்சினாலும் நடுவில் உருவாகும் மடிப்பில் உருமாற்றம் குவிந்து விரைவில் கிழிகிறது. ஆகவே நிலநடுக்கத்துக்கான ஐரோப்பிய விதிநூலான யூரோகோடு 8, எக்ஸ் வடிவச் சாய்வுறுப்புக்குப் பரிமாணமற்ற மெலிவு 1.3-க்கு மேலும் 2.0-க்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்று இருபுறமும் வேலி போடுகிறது. மற்ற எல்லா இடத்திலும் மேல்வரம்பைப் பற்றியே பேசும்போது, இங்கே மட்டும் ஒரு கீழ்வரம்பும் இருக்கிறது: கை அளவுக்கு மிஞ்சி வலுவாக இருந்தால் நெளியும் முன் பக்கத்துத் தூண்களுக்கு அதிக விசையைத் தள்ளிவிடும். 235 மெகாபாஸ்கல் எஃகில் இந்த வேலி சாதாரண விகிதத்தில் 122 முதல் 188 வரை. 355-இல் 99 முதல் 153 வரை. வலிமை கூடிய எஃகை மாற்றுச்சரக்காக வாங்கிப் போட்டால், வேலிக்குள் நின்ற உறுப்பு வெளியே போய்விடக்கூடும். ஐ.எஸ். 800 சாதாரணப் பிரேசிங் சட்டகத்துக்கு 120, சிறப்புச் சட்டகத்துக்கு 160 என்று எளிய எண்களாகவே வைத்திருக்கிறது. அமெரிக்காவின் நிலநடுக்க விதிநூல் சிறப்புச் சட்டகத்துக்கு 200 வரை விடுகிறது.

எடுத்துக்காட்டுத் தூணைப் பொறுத்தவரை, நடு உயரத்தில் சுவர்ச் சட்டகமோ இடைத்தளமோ போன்ற உண்மையில் நங்கூரமிட்ட தாங்கல் கிடைக்குமானால், ஐ.பி.இ. 240-ஐத் தேர்வேன், கிடைக்காவிட்டால் குழாயை, இணைப்புகள் அதிகமென்றால் எச்.இ.ஏ. 200-ஐ. ஐ.பி.இ. 360 எந்த நிலையிலும் என் பட்டியலில் இடம்பெறாது. நடுத்தாங்கலை நம்பும் வடிவமைப்பைத் தேர்ந்தால், அந்தத் தாங்கல் நிரந்தரமானது, தூண் சுமையேற்கும் முன்பே பொருத்தப்பட வேண்டியது, பிற்காலத்தில் கதவோ ஜன்னலோ வைப்பதற்காக அகற்றக்கூடாதது என்ற குறிப்பையும், கணக்கில் கொண்ட மூன்று மீட்டர் நீளத்தையும் வரைபடத்தில் அந்தத் தாங்கலின் பக்கத்திலேயே எழுதிவிடுவேன்.